இல்லாத சாஃப்ட்வேரை "இருக்கு"ன்னு சாதிக்கிற பேக்கேஜ் மேனேஜர்: சரி பண்ண முழுமையான வழிகாட்டி

டெர்மினல்ல ஆப்ட் இன்ஸ்டால் (டெபியன், உபுண்டு லினக்ஸ்ல சாஃப்ட்வேர் போடற கமாண்ட்) கொடுத்தா "ஏற்கனவே புது வெர்ஷன்தான் இருக்கு"ன்னு சொல்லும், சரின்னு அந்த புரோகிராமை ஓட்டினா "கமாண்ட் நாட் ஃபவுண்ட்", சரி தூக்கிட்டு திரும்ப போடலாம்னு ரிமூவ் கொடுத்தா நடுவுல ஏதோ ஸ்கிரிப்ட் ஃபெயில்னு நின்னுடும். போடவும் முடியாது எடுக்கவும் முடியாது. இந்த இடத்துல வெறுத்துப்போய் ஓஎஸ்ஸையே திரும்ப போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க, அவ்ளோ தூரம் போக வேண்டியதே இல்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. கமாண்ட், ஃபோல்டர் பேர் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்னா அங்கங்க சொல்லிடறேன். டெபியன், உபுண்டு பக்கம்தான் விரிவா வரும், ஏன்னா இந்த பிரச்சனையோட எல்லா ரகமும் அங்க கிடைக்கும், அது புரிஞ்சா மத்ததெல்லாம் பேர் மாறின அதே கதைதான்.

அது டிஸ்க்கையே பாக்கறதில்ல

ஒரு பேக்கேஜ் இருக்கா இல்லையான்னு கேட்டா பேக்கேஜ் மேனேஜர் போய் ஃபைல் ஃபைலா தேடிப் பாக்கும்னு நாம நினைச்சுக்கறோம். பாக்காது. அதுகிட்ட ஒரு கணக்குப் புத்தகம் இருக்கு, அதுல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் படிச்சுக் காட்டும். டெபியன் குடும்பத்துல ஆப்ட்டுக்கு அடியில நெஜமா வேலை செய்யறது டிபிகேஜி, அதோட புத்தகம் இதுதான்:

/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்

சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், லெஸ் போட்டு திறந்து பாருங்க பயப்படாதீங்க, ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பத்தி, பத்திக்கு நடுவுல ஒரு வெத்து வரி. பக்கத்துல இன்ஃபோன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ".லிஸ்ட்"னு முடியற ஃபைல் (எந்தெந்த ஃபைல் எங்க வெச்சேன்ங்கற பட்டியல்), ".எம்டி5சம்ஸ்", அப்புறம் "பிரீஆர்எம்", "போஸ்ட்ஆர்எம்", "போஸ்ட்இன்ஸ்ட்" மாதிரி ஸ்கிரிப்ட் எல்லாம் கிடக்கும்.

ஸ்டேட்டஸ் ஃபைல்ல ஒரு பேக்கேஜோட பத்தியில "ஸ்டேட்டஸ்: இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்ட்"னு மூணு வார்த்தை வரும். முதல் வார்த்தை நீங்க என்ன கேட்டீங்கங்கறது, ரெண்டாவது ஏதாவது கோளாறு கொடி தூக்கியிருக்கான்னு, மூணாவதுதான் நெஜமான நிலைமை. நிஜமானன்னா, அது நிஜம்னு நம்பறது.

ஆக நீங்க ஆர்எம் போட்டு ஒரு ஃபோல்டரை அழிச்சா, கரண்ட் போய் டிஸ்க் கரப்ட் ஆனா, பழைய பேக்கப்ல இருந்து பாதி ஃபைலை மட்டும் திருப்பி வெச்சா, புத்தகத்துக்கு எதுவும் தெரியாது. அது பழைய வரியையே படிச்சுட்டு இருக்கும்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் திரும்பத் திரும்ப சொல்லப் போறது ஒண்ணுதான்: புத்தகத்துல கை வைக்காதீங்க, முதல்ல டிஸ்க்கை புத்தகத்துக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, அதாவது ஃபைலை திரும்ப கொண்டு வந்து அதோட பொய்யை உண்மையாக்குங்க, அப்புறம் வேண்டாம்னா முறைப்படி எடுங்க. புத்தகத்தை அடிச்சு எழுதறது கடைசி கடைசி வழி.

படி 1: நெஜமாவே பொய் சொல்லுதான்னு பாருங்க

இதைத் தாண்டி ஓடாதீங்க. பல தடவை பேக்கேஜ் மேனேஜர் சரியாத்தான் சொல்லும், நாமதான் தப்பா புரிஞ்சுக்கிட்டு இருப்போம்.

முதல்ல டிபிகேஜி சின்ன எல் போட்டு பேரைக் கொடுங்க:

டிபிகேஜி -எல் பேக்கேஜ்பேர்

வரி ஆரம்பத்துல ரெண்டு எழுத்து வரும். "ஐஐ"ன்னா இன்ஸ்டால் ஆகி முடிஞ்சுது. "ஆர்சி"ன்னா பேக்கேஜை எடுத்தாச்சு, கான்ஃபிக் ஃபைல் மட்டும் மிச்சம் இருக்குன்னு அர்த்தம். இந்த ஆர்சிதான் முக்கால்வாசி குழப்பத்துக்கு காரணம்னு எனக்குத் தோணும், ஏன்னா ஸ்கிரிப்ட் எழுதறவங்க டிபிகேஜி அவுட்புட்டை கிரெப் பண்ணி (வார்த்தை தேடி) பேர் வந்தாலே "இருக்கு"ன்னு முடிவு பண்ணிடறாங்க, பேர் ஆர்சி வரியிலயும் வரும்ல. உங்க செட்டப் ஸ்கிரிப்ட்தான் இருக்கு இருக்குன்னு சொல்லுதுன்னா அந்த ஸ்கிரிப்டைத் திருத்துங்க, டிபிகேஜி-குவெரி வெச்சு ஸ்டேட்டஸ் ஃபீல்டைக் கேட்டு அது முழுசா "இன்ஸ்டால் ஓகே இன்ஸ்டால்ட்"டான்னு பாக்கச் சொல்லுங்க. ஆர்சி வரியே வேண்டாம்னா ஆப்ட் பர்ஜ் போட்டா மிச்ச கான்ஃபிக்கும் போயிடும்.

சரி, ஐஐன்னே வருது ஆனா கமாண்ட் இல்லைன்னா, அந்த பேக்கேஜ் என்னென்ன வெச்சிருக்குன்னு கேளுங்க, இங்க எல் பெரிய எழுத்து:

டிபிகேஜி -எல் பேக்கேஜ்பேர் | கிரெப் பின்

இதுல வர்ற பேரை கவனமா பாருங்க. கமாண்டோட பேரும் பேக்கேஜ் பேரும் ஒண்ணா இருக்கணும்னு சட்டம் இல்ல. ரிப்கிரெப்னு போட்டா கமாண்ட் வெறும் ஆர்ஜிதான். டெபியன்ல பேட்னு ஒரு பேக்கேஜ் போட்டா கமாண்ட் பேட்கேட்னு வரும், எஃப்டி-ஃபைண்ட் போட்டா எஃப்டிஃபைண்ட்னு வரும், வேற பேக்கேஜோட பேர் மோதக்கூடாதுன்னு அப்படி மாத்தி வெச்சிருக்காங்க.

ஃபைல் லிஸ்ட்ல எஸ்பின் ஃபோல்டர்ல இருந்தா உங்க பாத்ல (கமாண்டை எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற பட்டியல்) அது இல்லாம இருக்கலாம். டெபியன் 10ல இருந்து வெறும் எஸ்யூ போட்டு ரூட் ஆனா பாத் மாறாது, பழைய யூசரோட பாத்தே நிக்கும், அதனால எஸ்பின்ல இருக்கறதெல்லாம் "நாட் ஃபவுண்ட்"னு வரும். எஸ்யூவுக்கு அப்புறம் ஒரு இடைவெளி விட்டு ஹைஃபன் போட்டா சரியாயிடும். இன்னொண்ணு, பேஷ் ஒரு கமாண்டை எங்க பாத்தோம்னு ஞாபகம் வெச்சுக்கும், ஃபைல் இடம் மாறினதுக்கு அப்புறமும் பழைய இடத்துலயே தேடும், அதுக்கு ஹேஷ் -ஆர் அடிச்சா மறந்துடும். டைப் -ஏ கமாண்ட்பேர் அடிச்சா எந்தெந்த இடத்துல இருக்குன்னு எல்லாத்தையும் காட்டும், யாரோ யூஎஸ்ஆர் லோக்கல்ல பழசு ஒண்ணு போட்டு வெச்சிருந்தா இங்க மாட்டும்.

அப்புறம் உபுண்டு ஸ்பெஷல் ஒண்ணு இருக்கு. அங்க ஃபயர்ஃபாக்ஸ் 22.04ல இருந்து, குரோமியம் அதுக்கும் முன்னாடி 19.10லயே, டெப் பேக்கேஜ் (ஆப்ட் போடற ஃபைல் வகை) பேருக்குத்தான், உள்ள பிரவுசரே கிடையாது, அது ஸ்னாப்பை (உபுண்டுவோட இன்னொரு பேக்கேஜ் முறை) இழுத்துட்டு வர்ற ஒரு வாசப்படி மட்டும்தான். ஸ்னாப்பை எடுத்துட்டீங்கன்னா டிபிகேஜி பாட்டுக்கு ஐஐன்னு சொல்லிட்டே இருக்கும், ஃபயர்ஃபாக்ஸ் இருக்காது. இதுல டேட்டாபேஸ் தப்பே இல்ல, அந்த வாசப்படி அங்கதான் இருக்கு.

டாக்கர்ல சின்ன இமேஜ் யூஸ் பண்றவங்களுக்கும் ஒண்ணு: மேன் பேஜ், டாக் எதுவும் இல்ல, எத்தனை தடவை ரீஇன்ஸ்டால் பண்ணாலும் வரலைன்னா, ஈடிசி டிபிகேஜி உள்ள டிபிகேஜி.சிஎஃப்ஜி.டின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல "பாத்-எக்ஸ்க்ளூட்"னு வரி எழுதி வெச்சிருப்பாங்க, அந்த ஃபைலையெல்லாம் எடுத்து வைக்காதேன்னு டிபிகேஜிக்கு உத்தரவு. அந்த வரியை கமெண்ட் பண்ணாம நீங்க தலைகீழா நின்னாலும் வராது.

இத்தனையும் பாத்தாச்சு, லிஸ்ட்ல இருக்கற ஃபைல் டிஸ்க்ல நெஜமாவே இல்லைன்னா, எவ்ளோ காணோம்னு தெரிஞ்சுக்கணும். டிபிகேஜிக்கு பெரிய வி கொடுங்க:

டிபிகேஜி -வி பேக்கேஜ்பேர்

காணாம போனதுக்கு "மிஸ்ஸிங்"னு காட்டும், மாறிப்போனதுக்கு நடுவுல 5ன்னு ஒரு எழுத்து வரும், கான்ஃபிக் ஃபைலா இருந்தா சின்ன எழுத்து "சி"ன்னு ஒரு குறி இருக்கும். பேர் கொடுக்காம வெறுமனே அடிச்சா சிஸ்டம்ல இருக்கற எல்லா பேக்கேஜையும் சோதிக்கும், நேரம் ஆகும், ஆனா நீங்க தப்பான ஃபோல்டர்ல ஆர்எம் அடிச்சு வந்தவரா இருந்தா கண்டிப்பா இதைச் செய்யுங்க, ஏன்னா ஒரு பேக்கேஜ்தான் போச்சுன்னு நினைச்சிருப்பீங்க, பாத்தா பன்னெண்டு போயிருக்கும்.

படி 2: முழுசா ஒரு காப்பி

சூடோ சிபி -ஏ /வார்/லிப்/டிபிகேஜி /ரூட்/டிபிகேஜி-பழசு

அவ்ளோதான், ஆனா பண்ணுங்க. அப்டேட் ஏதாவது பின்னாடி ஓடிட்டு இருந்தா முடியற வரைக்கும் பொறுங்க. லாக் ஃபைலை அழிச்சா வழி விடும்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, அந்த லாக்கைப் பிடிச்சுட்டு இருக்கற புரோசஸ் புத்தகத்துல எழுதிட்டு இருக்கும், அதே நேரத்துல நீங்களும் எழுதினா இப்ப இருக்கறதைவிட பெரிய பிரச்சனை ஆகும்.

படி 3: பொய்யை உண்மையாக்கறது

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் பேக்கேஜ்பேர்

பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும். டெப்பை திரும்ப இறக்கி ஃபைலையெல்லாம் எடுத்து வெச்சிடும், புத்தகமும் டிஸ்க்கும் ஒண்ணாயிடும், வேண்டாம்னா இப்ப ரிமூவ் கொடுத்தா அழகா போகும்.

ஆனா ஒரு பொறி இருக்கு, நானே ரெண்டு மணி நேரம் விழுந்து கிடந்த பொறி. என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கை கன்னாபின்னான்னு மாத்தி வெச்சுட்டு, சரி முதல்ல இருந்து ஆரம்பிப்போம்னு ஈடிசி என்ஜின்எக்ஸ் ஃபோல்டரையே ஆர்எம் -ஆர்எஃப் போட்டேன். ரீஇன்ஸ்டால் கொடுத்தேன், எரர் எதுவும் இல்ல, ஃபோல்டரும் வரலை. திரும்ப கொடுத்தேன். வரலை. மிரர்ல பிரச்சனைன்னு நினைச்சு மிரரை மாத்தினேன், கேஷை கிளீன் பண்ணேன், என்னென்னமோ பண்ணேன்.

விஷயம் என்னன்னா கான்ஃபிக் ஃபைலை நீங்க அழிச்சா அது தெரியாம நடந்ததுன்னு டிபிகேஜி எடுத்துக்காது, "ஓனர் வேணும்னே எடுத்திருக்கார், அவர் முடிவை நாம மதிக்கணும்"னு அப்படியே விட்டுடும். டிசைனே அப்படித்தான், யோசிச்சுப் பாத்தா நியாயமும்கூட. திரும்ப வேணும்னு நீங்க வாய் திறந்து கேக்கணும்:

சூடோ ஆப்ட் -ஓ டிபிகேஜி::ஆப்ஷன்ஸ்::="--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்" இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் பேக்கேஜ்பேர்

இதுல டிபிகேஜியோட டி, ஆப்ஷன்ஸோட ஓ ரெண்டும் பெரிய எழுத்து, முன்னாடி வர்ற ஹைஃபன் ஓ சின்ன எழுத்து. இதையும் அடிச்சேன், அப்பவும் வரலை! ஏன்னா அந்த கான்ஃபிக் ஃபைல் எல்லாம் என்ஜின்எக்ஸ் பேக்கேஜோடதே இல்ல, என்ஜின்எக்ஸ்-காமன்னு இன்னொரு பேக்கேஜோடது. ஒரு ஃபைல் யாரோடதுன்னு தெரியணும்னா டிபிகேஜிக்கு பெரிய எஸ் போட்டு ஃபைலோட முழு பாத்தைக் கொடுங்க, ஃபைல் அழிஞ்சு போயிருந்தாலும் பதில் வரும், அது டிஸ்க்கைப் பாக்கறதில்லையே, பட்டியலைத்தானே பாக்குது. நம்மளை மாட்டிவிட்ட அதே குணம் இங்க நம்மளைக் காப்பாத்துது.

"ரீஇன்ஸ்டால் பண்ண முடியாது, டவுன்லோட் பண்ண வழியில்ல"ன்னு வந்தா, அந்த வெர்ஷன் உங்க சோர்ஸ் எதுலயும் இப்ப இல்லைன்னு அர்த்தம். வெளிய இருந்து டெப் ஃபைலா இறக்கிப் போட்டிருப்பீங்க, இல்ல அந்த ரெப்போவையே எடுத்திருப்பீங்க. ஆப்ட்-கேஷ் பாலிசி பேர் கொடுத்துப் பாத்தா எங்க இருந்து வந்ததுன்னு புரியும். பழைய டெப் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் உள்ள கிடக்க வாய்ப்பு இருக்கு, இருந்தா டிபிகேஜி -ஐ போட்டு நேரா அதையே கொடுங்க.

கரண்ட் கட்டுக்கு அப்புறம் வர்ற இன்னொரு ரகம், லிஸ்ட் ஃபைலே போயிடறது. "ஃபைல்ஸ் லிஸ்ட் ஃபைல் மிஸ்ஸிங், இந்த பேக்கேஜுக்கு ஃபைலே இல்லைன்னு வெச்சுக்கறேன்"னு வார்னிங் வரும், அதுக்கும் ரீஇன்ஸ்டால் போதும், புது லிஸ்ட் எழுதிக்கும். "மிஸ்ஸிங் ஃபைனல் நியூலைன்"னு எரர் வந்தா மட்டும் லிஸ்ட் ஃபைல் உள்ள குப்பை ஏறியிருக்கு, டிபிகேஜி எந்த வேலையும் செய்யாம நின்னுடும், அந்த ஒரு லிஸ்ட் ஃபைலை மட்டும் வேற இடத்துக்கு எம்வி பண்ணிட்டு ரீஇன்ஸ்டால் கொடுங்க. இப்படி ஒண்ணு கண்ணுல பட்டா டிஸ்க்கையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க, கெட்டுப்போன டிஸ்க்ல பேக்கேஜை சரி பண்ணி பிரயோஜனம் இல்ல.

படி 4: பாதியில நின்னது

ஐஐயும் இல்லாம ஆர்சியும் இல்லாம "ஐயூ", "ஐஎஃப்", "ஐஎச்"னு ஏதாவது வந்தா, பேக்கேஜ் நடுவழியில நிக்குது. முதலாவது ஃபைலை வெச்சாச்சு இன்னும் கான்ஃபிகர் பண்ணலை, ரெண்டாவது கான்ஃபிகர் பண்ணும்போது விழுந்துடுச்சு, மூணாவது இன்ஸ்டாலே பாதியில நின்னுடுச்சு. டிபிகேஜி --ஆடிட் அடிச்சா இந்த மாதிரி நிக்கறதையெல்லாம் பட்டியல் போட்டுடும். வரிசையா இது ரெண்டும்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

மூணாவது எழுத்தா பெரிய ஆர் வந்திருந்தா நிலைமை கொஞ்சம் மோசம், "ரொம்ப குழம்பிப்போய் இருக்கு, திரும்ப போட்டுட்டு அப்புறம் எடு"ன்னு டிபிகேஜி சொல்லும். அது சொல்றபடியே ரீஇன்ஸ்டால் பண்ணுங்க. டெப் எங்கயுமே கிடைக்கலைன்னா மட்டும்:

சூடோ டிபிகேஜி --ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக் --ரிமூவ் பேக்கேஜ்பேர்

படி 5: எடுக்கவே விடமாட்டேங்குது

ரிமூவ் கொடுத்தா "பிரீ-ரிமூவல் ஸ்கிரிப்ட் எரர் ஸ்டேட்டஸ் 1"னு நிக்கறது. பேக்கேஜை எடுக்கறதுக்கு முன்னாடி அதோட பிரீஆர்எம் ஸ்கிரிப்ட் ஓடும், பொதுவா சர்வீஸை நிறுத்தறது, ரிஜிஸ்டர் பண்ணதை எடுக்கறது மாதிரி வேலைங்க. நீங்கதான் ஃபைலை ஏற்கனவே அழிச்சுட்டீங்களே, அது எதைக் கூப்பிடப் போகுதோ அது அங்க இல்ல, ஸ்கிரிப்ட் விழுது, டிபிகேஜி "இது முடியாம நான் எடுக்க மாட்டேன்"னு நிக்குது.

இதுக்கும் முதல் மருந்து ரீஇன்ஸ்டால்தான். ரீஇன்ஸ்டாலும் அதே ஸ்கிரிப்டால விழுந்தா, வெளி கம்பெனி டெப்கள்ல இது சகஜம், ஸ்கிரிப்டைத் திறந்து படிங்க:

/வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ/பேக்கேஜ்பேர்.பிரீஆர்எம்

சும்மா ஷெல் ஸ்கிரிப்ட்தான் பெரும்பாலும், இருபது முப்பது வரி. என்ன பண்ணப் பாக்குதுன்னு புரிஞ்சுக்கிட்டு அதுல தேவையானதை கையால பண்ணிடுங்க, அப்புறம் முதல் வரிக்கு அடுத்து "எக்ஸிட் 0"ன்னு ஒரு வரி சேருங்க. ஸ்கிரிப்ட் உடனே "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துடும், ரிமூவ் ஓடிடும். போஸ்ட்ஆர்எம்ல நின்னா அதுக்கும் இதே வைத்தியம். படிக்காம எக்ஸிட் போட்டா யூசர், சர்வீஸ், கிரான் எல்லாம் அனாதையா கிடக்கும்.

படி 6: புத்தகத்தையே திருத்தறது

இங்க வர்ற அளவுக்கு உங்க நிலைமை இருக்கான்னு நல்லா யோசிங்க. டெப் எங்கயும் இல்ல, ஃபோர்ஸும் எடுபடலை, ஸ்கிரிப்டும் கைவிட்டாச்சு, அப்பதான்.

ஸ்டேட்டஸ் ஃபைலை எடிட்டர்ல திறங்க, "பேக்கேஜ்: பேர்"னு ஆரம்பிக்கற வரியில இருந்து அடுத்த வெத்து வரி வரைக்கும், அந்த வெத்து வரியையும் சேத்து அழிங்க. ஒரு வெத்து வரிதான் ரெண்டு பத்திக்கு நடுவுல இருக்கணும், அது இல்லாம போனா ரெண்டு பேக்கேஜ் ஒட்டிக்கும், டிபிகேஜி பார்ஸ் எரர்னு கத்தும். அப்புறம் இன்ஃபோ ஃபோல்டர்ல அந்த பேர்ல இருக்கற ஃபைல்களை வேற இடத்துக்கு நகத்துங்க. எம்வி பண்ணுங்க, ஆர்எம் வேண்டாம். நகத்தறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட் ஃபைலை பிரிண்ட் போட்ட மாதிரி ஒரு காப்பி வெச்சுக்கோங்க, டிஸ்க்ல மிச்சம் மீதி கிடக்கற ஃபைல் எதுன்னு இனி அந்தப் பட்டியலைத் தவிர வேற எதுக்கும் தெரியாது.

முடிச்சுட்டு டிபிகேஜி --ஆடிட், ஆப்ட்-கெட் செக் ரெண்டும் ஓட்டுங்க. ஏதாவது எரர் வந்தா படி 2ல எடுத்த காப்பி இருக்கு. அதையும் எடுக்கலையா? ஸ்டேட்டஸ்-ஓல்டுன்னு பக்கத்துலயே ஒண்ணு இருக்கும், அது கடைசி வேலைக்கு முந்தின நிலைமை. அதுவும் பாழாப் போச்சுன்னா /வார்/பேக்கப்ஸ் உள்ள டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0, .1னு வரிசையா பழைய காப்பி கிடக்கும், சிஸ்டமே அப்பப்ப எடுத்து வெக்கறது. இதுக்காகவே அந்த ஃபோல்டரை அழிச்சு இடம் பண்ணாதீங்க.

ஃபெடோரா, ஆர்எச்இஎல் பக்கம்

இங்க டிபிகேஜி இடத்துல ஆர்பிஎம், ஆப்ட் இடத்துல டிஎன்எஃப். ஆர்பிஎம் டேட்டாபேஸ் டெக்ஸ்ட் ஃபைல் இல்ல, ஃபெடோரா 33ல இருந்து எஸ்க்யூலைட், அதனால எடிட்டர்ல திறக்கற வேலையே கிடையாது, நல்லதுதான். சோதிக்க ஆர்பிஎம் பெரிய வி, சரி பண்ண டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால். ஸ்கிரிப்ட் விழுந்தா --நோஸ்கிரிப்ட்ஸ். கணக்குல இருந்து மட்டும் பேரை அடிக்கணும்னா:

சூடோ ஆர்பிஎம் -இ --ஜஸ்ட்டிபி --நோடெப்ஸ் பேக்கேஜ்பேர்

டிஸ்க்ல ஒரு ஃபைலையும் தொடாது, புத்தகத்துல மட்டும் வரியை எடுக்கும். டெபியன் பக்கம் கையால பண்ற கூத்தை இங்க ஒரு ஆப்ஷனா கொடுத்திருக்காங்க, பொறாமையா இருக்கு.

இங்க அடிக்கடி வர்ற ரகம் வேற. அப்கிரேட் நடுவுல மெஷின் அணைஞ்சா புது வெர்ஷன் ஏறியிருக்கும், பழசை எடுக்கற கட்டம் நடந்திருக்காது, ஒரே பேக்கேஜ் ரெண்டு வெர்ஷன்ல "இருக்கு"ன்னு காட்டும். டிஎன்எஃப் 4ல ரிமூவ் --டூப்ளிகேட்ஸ் இதுக்காகவே இருக்கு. கர்னலும் ஜிபிஜி கீயும் ஒண்ணுக்கு மேல இருந்தா அது சாதாரணம், அதைப் பாத்து பதறாதீங்க. ஆர்பிஎம் --ரீபில்ட்டிபி அடிங்கன்னு எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்லுவாங்க, அது டேட்டாபேஸ் கெட்டுப்போனா புதுசா கட்டும், ஆனா அதுல எழுதியிருக்கற தப்பான தகவலை அப்படியே புதுசுலயும் எழுதும், நம்ம பிரச்சனைக்கு அதனால உபயோகம் இல்ல.

ஆர்ச்ல

ஆர்ச்சோட பேக்கேஜ் மேனேஜர் பேக்மேன், ஒவ்வொரு பேக்கேஜுக்கும் /வார்/லிப்/பேக்மேன்/லோக்கல் உள்ள ஒரு ஃபோல்டர் வெச்சிருக்கும். பேக்மேன் பெரிய க்யூ சின்ன கே போட்டா எத்தனை ஃபைல் காணோம்னு சொல்லும். பெரிய எஸ் போட்டு பேரைக் கொடுத்தாலே திரும்ப போட்டுடும், "ஏற்கனவே இருக்கு"ன்னு அடம் பிடிக்காது, நீங்களா --நீடட் சேத்தாத்தான் பிடிக்கும். கணக்கை மட்டும் எடுக்க பெரிய ஆர் கூட --டிபிஒன்லி. மெஷின் அணைஞ்சு போனதால அந்த பேக்கேஜ் ஃபோல்டர்ல இருக்கற "டெஸ்க்"ங்கற விவர ஃபைல் காலியாகி "திறக்க முடியலை"ன்னு வந்தா அந்த ஃபோல்டரை நகத்திட்டு எஸ்ஸோட --ஓவர்ரைட் கொடுத்து போடுங்க, ஃபைல் டிஸ்க்ல இருக்கும் கணக்குல இருக்காது, ஓவர்ரைட் இல்லாம மோதிக்கும்.

பிப்: இருக்கு, ஆனா யார்கிட்ட?

பைத்தான் லைப்ரரி போடற பிப்ல "ரிக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்"னு வரும், இம்போர்ட் பண்ணா "மாட்யூல் நாட் ஃபவுண்ட்". அந்த மெசேஜை முழுசா படிங்க, கடைசியில ஒரு பாத் காட்டும், அதுலயே பதில் இருக்கு. பெரும்பாலும் பிப் ஒரு பைத்தானைச் சேந்தது, நீங்க ஓட்டற பைத்தான் வேற. பிப்னு தனியா அடிக்கறதை விட்டுட்டு எப்பவும் பைத்தான்3 -எம் பிப் அடிங்க, அப்ப ஓட்டறவனும் போடறவனும் ஒரே ஆளா இருப்பாங்க.

அடுத்து பேர் குழப்பம்: பில்லோவை போட்டு பிஐஎல்னு (மூணும் பெரிய எழுத்து) இம்போர்ட் பண்ணணும், ஓப்பன்சிவி-பைத்தான் போட்டா சிவி2, சைகிட்-லேர்ன் போட்டா எஸ்கேலேர்ன்.

நெஜமாவே பொய் சொல்ற கேஸ்னா, சைட்-பேக்கேஜஸ் உள்ள லைப்ரரி ஃபோல்டரை அழிச்சிருப்பீங்க, பக்கத்துல இருக்கற "டிஸ்ட்-இன்ஃபோ" ஃபோல்டர் தப்பிச்சிருக்கும். பிப்புக்கு அந்த டிஸ்ட்-இன்ஃபோதான் புத்தகம். --ஃபோர்ஸ்-ரீஇன்ஸ்டால் --நோ-டெப்ஸ் சேத்துப் போடுங்க, நோ-டெப்ஸ் இல்லைன்னா அந்த லைப்ரரி சார்ந்திருக்கற எல்லாத்தையும் சேத்து திரும்ப இறக்கும். உள்ள ரெக்கார்ட் ஃபைல் இல்லைன்னு அன்இன்ஸ்டால் மறுத்தா --இக்னோர்-இன்ஸ்டால்ட் போட்டு மேலயே எழுதச் சொல்லுங்க. டில்டா குறியில ஆரம்பிக்கற ஃபோல்டர் கிடந்து "இன்வேலிட் டிஸ்ட்ரிபியூஷன்"னு வார்னிங் வருதுன்னா அது பாதியில செத்த அன்இன்ஸ்டாலோட மிச்சம், தாராளமா அழிக்கலாம். பிப் செக் ஓட்டி "எல்லாம் சரி"ன்னு வந்தா நம்பாதீங்க, அதுவும் புத்தகத்தைப் புத்தகத்தோட ஒப்பிடறதுதான், ஃபைலைப் பாக்காது.

விர்ச்சுவல் என்வைரன்மென்ட்டா (ஒரு வேலைக்குன்னு தனியா வெச்ச பைத்தான் ஃபோல்டர்) இருந்தா இது எதுவுமே வேண்டாம், ஃபோல்டரைத் தூக்கிப்போட்டுட்டு புதுசு கட்டுங்க, ரெண்டு நிமிஷ வேலை. சிஸ்டம் பைத்தான்ல மட்டும் இந்த விளையாட்டு கூடாது, அங்க இருக்கற பாதி லைப்ரரி ஆப்ட்டோட கணக்குல இருக்கும், பிப் அதை மேல எழுதினா அடுத்த தடவை பொய் சொல்றது டிபிகேஜியா இருக்கும்.

மேக், விண்டோஸ்

மேக்ல ஹோம்ப்ரூங்கற பேக்கேஜ் மேனேஜரால போட்ட ஆப்பை டிராஷுக்கு இழுத்துப் போட்டா கேஸ்க் (ஆப்களுக்கு ஹோம்ப்ரூ வெச்ச பேர்) கணக்கு அப்படியே நிக்கும், ப்ரூ ரீஇன்ஸ்டால் --கேஸ்க், இல்ல எடுக்கணும்னா ப்ரூ அன்இன்ஸ்டால் --கேஸ்க் --ஃபோர்ஸ். "இன்ஸ்டால் ஆகியிருக்கு, லிங்க் ஆகலை"ன்னு சொன்னா அது உண்மையைத்தான் சொல்லுது, ப்ரூ லிங்க் போதும்.

விண்டோஸ்ல சாக்லேட்டிங்கற பேக்கேஜ் மேனேஜர் தன்னோட கணக்கை புரோகிராம்டேட்டா உள்ள சாக்லேட்டி, அதுக்குள்ள லிப்னு ஒரு ஃபோல்டர்ல வெச்சிருக்கும், கன்ட்ரோல் பேனல் வழியா புரோகிராமை எடுத்தா அதுக்குத் தெரியாமலே போக வாய்ப்பு உண்டு. சாக்கோ இன்ஸ்டால் கூட --ஃபோர்ஸ் கொடுத்தா திரும்ப போடும், கணக்கு மட்டும் போகணும்னா சாக்கோ அன்இன்ஸ்டால் கூட -என் கொடுத்து அது ஸ்கிரிப்டை ஓட்டாம எடுக்கச் சொல்லுங்க. மைக்ரோசாஃப்ட்டோட சொந்த பேக்கேஜ் மேனேஜர் விங்கெட், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரில இருக்கற "அன்இன்ஸ்டால்" கீயைப் பாத்துத்தான் எது இருக்குன்னு சொல்லுது, புரோகிராம் ஃபோல்டரை கையால அழிச்சா கீ மிச்சம் இருக்கும். அதே இன்ஸ்டாலரை மேல ஓட்டிட்டு முறையா அன்இன்ஸ்டால் பண்ணுங்க, அது கிடைக்கலைன்னா அந்த ஒரு கீயை எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுட்டு அழிங்க, 32 பிட் புரோகிராமா இருந்தா "வாவ்6432நோட்"ங்கற கீக்குள்ள தேடுங்க.